வெட்டில் பிரிந்த ஜோடி

எங்கள் கணிதத் துறைத் தலைவர் எனக்குப் பெரியப்பா முறை. தன் மூளைமேல் அவருக்கு இருக்கும் மரியாதையை வேறு யாரும் அதன்மேல் வைத்து நான் பார்த்ததில்லை.

இரட்டைப் பகா எண்கள் என்றால் இரண்டே வித்தியாசத்தில் ஒட்டிக்கொண்டு வரும் பகா எண் ஜோடிகள். ஐம்பத்தொன்பதும் அறுபத்தொன்றும் அப்படி ஒரு ஜோடி. ஒரு ஜோடிக்கும் அடுத்த ஜோடிக்கும் நடுவே எவ்வளவு பெரிய இடைவெளி விழுகிறது என்று தேடினோம். புரோகிராமை எழுதியது நான். ஏழு மாதத்தில் கண் பூத்துப்போனது. பெரியப்பா செய்தது, எண்களைப் பத்து கம்ப்யூட்டர்களுக்குப் பங்கு போட்டது. அதையும் கடைசியில் வரிசையாகச் சுழியம் வரும் இடமாகப் பார்த்து வெட்டினார். பார்க்க லட்சணமாக இருக்குமாம்!

"ஓரத்துல ரெண்டு எண் சேர்த்து வெட்டுங்க பெரியப்பா" என்றேன்.

"நான் எத்தனை வருஷமா கணக்குப் போடறேன் தெரியுமா?" என்றார்.

சாதனை இடைவெளி ஒன்று கிடைத்தது. ஆய்வுக் கட்டுரையில் என் பெயர் வந்தால் என் தற்காலிக வேலை நிரந்தரமாகும். வந்தது அவர் பெயர் மட்டும்.

"சொந்தக்காரப் பொண்ணு பேரைப் போட்டா நாலு பேர் நாலு விதமா பேசுவாங்கம்மா."

பெரிய நியாயஸ்தர். வயிற்றெரிச்சலில் கணக்கைத் திரும்பக் கிளறினேன். அறுபதில் வெட்டினால் ஐம்பத்தொன்பது ஒரு கம்ப்யூட்டருக்கும் அறுபத்தொன்று இன்னொன்றுக்கும் போய்விடும் அல்லவா? எங்கள் சாதனை இடைவெளியின் நடுவே, கோடிகளில், அதேதான் நடந்திருந்தது. இரண்டு கம்ப்யூட்டரும் தங்கள் எண்ணுக்கு ஜோடி இல்லை என்று தள்ளிவிட்டிருந்தன. அந்த ஜோடியைச் சேர்த்ததும் சாதனை பாதியாகச் சுருங்கியது.

அவரிடம் போய்ச் சொன்னேன். முகம் சுண்டிப்போனது. கணக்கு சரிதானா என்றுகூடக் கேட்கவில்லை.

"வெளிய யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்ல பெரியப்பா."

"நல்லவேளை. நான் பாத்துக்கறேன்."

அடுத்த வாரம் அறைக்குக் கூப்பிட்டார். முகமெல்லாம் பல்.

"கட்டுரை வந்த பத்திரிகைக்குத் திருத்தக் குறிப்பு அனுப்பறேன்மா. இதுல உன் பேரையும் சேர்த்துட்டேன். எழுத்துப்பிழை இருந்தா பாத்துக் குடு."

வெட்கம்கெட்ட மனசு ஒரு நொடி குதித்தது. நின்றபடியே படித்தேன். மொத்தம் மூன்று வரி. புரோகிராமில் நேர்ந்த பிழைக்கு முழுப் பொறுப்பு என்று போட்டு, அதற்குப் பக்கத்தில் என் பெயர்.

நாலு தடவை பார்த்தேன். எழுத்துப்பிழை எதுவும் இல்லை.