உரிக்காத காகிதம்

என் சகலைக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே நான்தான். அதை அவன் மறந்துவிடாமலும் பார்த்துக்கொண்டேன். மாமியார் வீட்டில் அவன்தான் செல்ல மருமகன். நான் வாயைத் திறந்தால் "மூத்தவர் ஆரம்பிச்சுட்டார்" என்பார்கள். அந்த எரிச்சல் எனக்கு உண்டு.

ஆலைகளின் சுடுதண்ணீரை ஆறவைக்கும் கோபுரங்களைப் பொருத்துவது எங்கள் தொழில். அன்று இரண்டு கோபுரங்களின் அடித்தொட்டிகளை ஒன்றாக இணைத்தோம். தொட்டியின் விளிம்பில் பிசின் டேப்பை ஒட்டி, அதன் மேல்காகிதத்தை உரித்துவிட்டு, அடுத்த தொட்டியை நெருக்கி போல்ட் முடுக்க வேண்டும். கிழக்குப் பாதி நான், மேற்குப் பாதி சகலை. தண்ணீர் நிரப்பிப் பார்த்து ஒழுகாவிட்டால் அவனை நிரந்தரமாக வைத்துக்கொள்வதாக இன்ஜினியர் சொல்லியிருந்தார்.

ஒழுகியது. அவன் பாதியில், சொட்டுச் சொட்டாக.

பொய் சொல்வானேன், எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருந்தது. கிரேன்காரர், வெல்டர் எல்லாரும் நிற்கும்போதே அவனைப் பிடித்துக்கொண்டேன்.

"படிச்சுப் படிச்சு சொன்னேனே, கவனம் எங்க இருந்துச்சு? இது என்ன, மாமியார் வீட்டு விருந்துன்னு நினைச்சியா?"

எல்லாரும் சிரித்தார்கள். "கழட்டிப் பாத்துடலாம் சகலை," என்று மட்டும் சொன்னான் அவன்.

தண்ணீரை வடித்தோம். மற்றவர்கள் டீ குடிக்கப் போய்விட, நாங்கள் இருவரும் போல்ட்டுகளைக் கழற்றி, கடப்பாரையால் தொட்டிகளை விலக்கினோம். அவன் பாதியில் ஒரு குறையும் இல்லை. என் பாதியில், ஒரு முழ நீளத்துக்கு, மஞ்சள் காகிதம் உரிபடாமல் டேப்பின்மேல் அப்படியே இருந்தது. போன் வந்ததென்று வேலையை நிறுத்திவிட்டு நான் எழுந்து போன இடம். தண்ணீர் அங்கே புகுந்து, விளிம்பின் அடியிலேயே ஓடி, தாழ்வான அவன் பக்கம் போய்ச் சொட்டியிருக்கிறது.

சகலை அந்தக் காகிதத்தை உரித்தான், சுருட்டித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"புது டேப் எடுங்க," என்றான்.

மறுபடி நிரப்பியதில் ஒரு சொட்டு இல்லை. முதலில் ஒழுகியதைக் கேள்விப்பட்டு இன்ஜினியர் வந்து, அவன் எதிரிலேயே என்னிடம் கேட்டார். "என்ன சொல்றீங்க, இவரை வெச்சுக்கலாமா?"

தப்பு என்னுது சார் என்று சொல்லியிருக்கலாம். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "புதுசுதானே சார், போகப்போகக் கத்துக்குவான். வெச்சுக்குங்க," என்றேன்.

"பெரிய மனசுங்க உங்களுக்கு," என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். சகலை குனிந்து ஸ்பேனர்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தான்.

வீட்டுக்குப் போனபோது என் மனைவி தன் தங்கையோடு போனில் இருந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் முகமெல்லாம் சிரிப்பு. "நீங்க எடுத்துச் சொன்னதாலதான் வேலை நிலைச்சுதாம். அவர் வந்ததும் வராததுமா அதைத்தான் சொன்னாராம்," என்று போனை என் கையில் திணித்தாள்.

"மாமா, இதை நாங்க மறக்கவே மாட்டோம்," என்றாள் தங்கை.

"இல்லம்மா, அது வந்து, அந்த ஒழுகல்..."

"இருங்க மாமா, அவர் பேசணுமாம்."

போன் கைமாறியது. "சாப்டீங்களா சகலை?" என்றான், எப்போதும் கேட்பதுபோல.

"இப்பத்தான் உக்காரப்போறேன்," என்றேன். என் மனைவி தட்டை வைத்து, பெருமையோடு எனக்குப் பரிமாறிக்கொண்டிருந்தாள்.