அண்ணன் பார்க்கக்கூடாத படம்

வெனிலாத் தோட்டத்தில் களை கொத்திக் காய்த்துப்போன கை லேசியேலியுடையது. குளிக்கும்போது மார்பில் கட்டி தட்டுப்பட்டது அந்தக் கைக்குத்தான். பயத்தை விழுங்கிக்கொண்டு டோங்காவின் வவாவு தீவு ஆஸ்பத்திரிக்குப் போனாள். நர்ஸ் மலியா படம் எடுத்தாள். தலைநகர் நுகுஅலோஃபாவில் இருக்கும் பெரிய டாக்டருக்கு இதைக் கம்ப்யூட்டரில் அனுப்பினால் ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிடுவார், கப்பலேறினால் போதும் என்றாள்.

"அங்க அதை யாரு திறப்பாங்க?"

பதிவு அறையில் திறந்து, பேரைச் சரிபார்த்து, டாக்டருக்குத் தள்ளிவிடுவார்கள் என்றாள் மலியா. லேசியேலி பொத்தானைப் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டாள். அந்தப் பதிவு அறையில் உட்கார்ந்திருப்பவன் அவளுடைய அண்ணன் பெனிசிமானி.

வயதுக்கு வந்த பிறகு அவளும் அவனும் ஒரே கூரையடியில் படுத்ததில்லை. டோங்காவில் எந்த அண்ணன் தங்கையும் அப்படித்தான். உடம்பைப் பற்றிப் பேச்சு வந்தாலே அவன் எழுந்து வெளியே போய்விடுவான். அவன் கண்ணெதிரே தங்கையின் மார்புப் படம் விரிவதா?

உள்ளூர் டாக்டர் சிமோதே வந்து சமாதானம் சொன்னார். பாஸ்வேர்டு இருக்கிறதாம், வெளியாள் எவனும் நுழைய முடியாதாம்.

"வெளியாள் பார்த்தா எனக்கென்ன போச்சு டாக்டர்? நான் பயப்படுறது உள்ளாளுக்குத்தான்."

உயிரா, வீம்பா என்று அவர் கடிந்துகொண்டார். வேண்டுமானால் வைத்தியம் வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார்.

"வைத்தியம் வேணும். அதுக்குத்தானே வந்தேன். ஆனா மானத்தை வாசல்ல கழட்டி வச்சாத்தான் உள்ள விடுவீங்கன்னா, அதுக்கு வேற ஆளைப் பாருங்க." அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

பக்கத்தில் இருந்த மீன்காரி ஃபிபேவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. "ஏன்டி மலியா, என் மருமகனும் அங்கதானே இருக்கான்? அப்ப என் மூலவியாதி அவனுக்குத் தெரியுமா?"

பெஞ்சு முழுக்கச் சிரித்தது. பிறகு ஒவ்வொருத்தியும் தன் சொந்தக்காரன் எவன் அங்கே இருக்கிறான் என்று நினைத்துப் பார்த்தாள். சிரிப்பு நின்றது. அடுத்தவளைக் கூப்பிட்டபோது யாரும் எழவில்லை.

டாக்டர் பதிவு அறைக்கே போன் போட்டார். மறுமுனையில் கிடைத்தவனே பெனிசிமானி. இங்கே ஒரு பேஷண்டு, பேரு என்று இவர் தொடங்கியதுமே லேசியேலி பாய்ந்து போனைப் பொத்தினாள். அந்த முரட்டுக் கை போனை விடாததைப் பார்த்த பிறகுதான், மறுமுனையில் இருப்பவன்தான் அவள் சொன்ன உள்ளாள் என்று அவருக்கு உறைத்தது. உடனே மேலதிகாரியைப் பிடித்தார். ஒருத்திக்காக ஏற்பாட்டை மாற்ற முடியாதென்றார் அவர். ஒருத்தி இல்லை, பெஞ்சு நிறைய உட்கார்ந்திருக்கிறார்கள் என்று இவர் சண்டை போட்டார்.

அந்த வாரமே கம்ப்யூட்டரில் ஒரு பூட்டு வந்தது. பதிவு அறைக்கு வெறும் எண்தான் போகும். பேரையும் படத்தையும் வைத்தியம் பார்க்கும் டாக்டர் மட்டுமே திறக்கலாம். லேசியேலி அதையும் நம்பவில்லை. முதலில் ஒரு வெற்றுத் தாளை அனுப்பிப் பார்க்கச் சொன்னாள். பதிவு அறையில் அதைத் திறக்க முடியவில்லை என்று தெரிந்த பிறகுதான், "இப்ப என்னுதை அனுப்பு" என்றாள்.

ஆபரேஷனுக்குப் போன அன்று பெரிய ஆஸ்பத்திரி நடையில் பெனிசிமானி எதிரே வந்தான். அவளைக் கண்டதும் திகைத்து நின்றுவிட்டான்.

"நீ எங்கம்மா இங்க? ஊர்ல யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

அந்தத் திகைப்பை அவள் கண் நிறையப் பார்த்தாள்.

"ஒரு வேலையா வந்தேண்ணே" என்று சொல்லிவிட்டுப் பெண்கள் வார்டுப் பக்கம் திரும்பினாள். அவன் சுவரோடு ஒதுங்கி வழிவிட்டான்.