பேருக்குச் சாப்பாடு

ஒரு பெயரை எடை போட்ட அன்று அறக்கட்டளையின் முன்னறையில் ஆறு பேர் இருந்தார்கள். தலைவர் மின்விசிறிக்கு நேர் கீழே, கைவைத்த நாற்காலியில். அவருக்கு இடப்பக்கம் டாக்டர், பையை மடியிலேயே வைத்துக்கொண்டு, அடுத்த இடத்துக்குக் கிளம்புகிறவர் மாதிரி நாற்காலியின் நுனியில். கடிதங்கள் எழுதும் கமா சார் தட்டச்சு மேசைக்குப் பின்னால். சமையலம்மா வாசலோரம், கவிழ்த்துப் போட்ட பால்பவுடர் டின்னின் மேல். குழந்தையின் அம்மா சுவரோடு ஒட்டி நின்றாள். அவளை உட்காரச் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை. ஆறாவது ஆள் அந்தக் குழந்தை. ஆறு வயது. அம்மாவின் இடுப்பில் ஒரு துண்டால் கட்டப்பட்டிருந்தாள், மின்விசிறி ஓடிக்கொண்டிருந்ததால். முதலில் குழந்தையை எடை போட்டார்கள்: ஒன்பது கிலோ இருநூறு. அடுத்து அவள் பெயர் எழுதிய பதிவேட்டுத் தாளை வைத்தார்கள்: பதினான்கு கிலோ எழுநூறு. டாக்டர் இரண்டையும் ஒரே பேனாவால் குறித்துக்கொண்டார்.

தாள் தானாகவே கழன்று விழுந்திருந்தது. பதிவேட்டின் தையல் அந்தக் கனத்தை எத்தனை நாள் தாங்கும்? பெயரின் எழுத்துகள் கொழுகொழுவென்று இருந்தன. புள்ளி பட்டாணி அளவுக்குத் திரண்டிருந்தது, கொம்புகளுக்குத் தொடை போட்டிருந்தது, சுழிகள் தொப்பை தள்ளி அடுத்த வரியில் சாய்ந்திருந்தன. தொட்டால் வெதுவெதுப்பாக இருந்தது. பால் வாசனை வந்தது.

இது எப்படி வந்தது என்பது கமா சாருக்கு மட்டும் தெரியும். மூச்சு விடுகிற இடத்திலெல்லாம் கமா வைப்பார் என்பதால் அவருக்கு அந்தப் பெயர். சின்ன ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். வேற்றுமை உருபுகளை முதல் முதலில் பிரம்படியோடு கற்றவர், ஆகையால் மறக்காதவர். எட்டு வருடங்களுக்கு முன் வேலையில் சேர்ந்த முதல் வாரம், நன்கொடைப் படிவத்தில் ‘குழந்தையின் பெயரில் உணவு வழங்கப்படும்’ என்று அச்சடித்திருந்ததைப் பார்த்தார். அவருக்குப் பொறுக்கவில்லை. ‘இல்’ என்றால் இடம். பெயருக்குள்ளே எவனாவது சோற்றைக் கொண்டுபோய் வைப்பானா? கொடை என்றால் நான்காம் வேற்றுமை, ‘கு’ உருபு. சிவப்பு மையால் திருத்தி அச்சகத்துக்கு அனுப்பினார். ‘குழந்தையின் பெயருக்கு உணவு வழங்கப்படும்.’ பத்தாயிரம் படிவங்கள் வந்தன. தலைவர் வாசித்துப் பார்த்து, இப்போதுதான் கணீரென்று இருக்கிறது என்றார். கொடுப்பவர்கள் அதன் அடியில் கையெழுத்துப் போட்டார்கள். அன்றிலிருந்து உணவு, எழுதிய இடத்துக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்தது.

பிள்ளைகள் சாப்பிட்டார்கள், அதில் குறையில்லை. காலையில் பாலும் ரொட்டியும், மதியம் சோறும் பருப்பும். தட்டு காலியாகும், வாயைத் துடைத்துக்கொள்வார்கள், பசி இருந்த இடத்திலேயே இருக்கும். பதிவேட்டை முதலில் ஒரு கையால் எடுத்தவர்கள் பிறகு இரண்டு கையால் எடுத்தார்கள், அப்புறம் இரண்டு ஆட்களாக எடுத்தார்கள். நீளமான பெயர்க்காரர்கள் சீக்கிரம் மெலிந்தார்கள். எழுத்து கூடினால் பசியும் கூடத்தானே செய்யும். பெயர் பதியாமல் வாசலில் நின்று அடிச்சட்டி வழித்த மிச்சத்தை வாங்கிய நாலைந்து பிள்ளைகள் மட்டும் ஓரளவு தேறி நின்றன. கமா சார் வெளியே வருகிறவர் அல்ல. உள்ளே உட்கார்ந்து, மாதம் முந்நூற்றுப் பன்னிரண்டு நன்றிக் கடிதங்கள் எழுதுவார். குழந்தை நலம், உற்சாகமாகச் சாப்பிடுகிறாள், தங்கள் அன்பை நினைத்துக்கொள்கிறாள். சமையலம்மா ஒருநாள் ஜன்னலில் தலையை நீட்டிச் சொன்னாள்:

“கமா சார், உங்க லெட்டர்ல எல்லாப் பிள்ளைங்களும் குண்டு குண்டா இருக்குதுங்க. ஒருதரம் எழுந்து வந்து என் வரிசையைப் பாருங்க. கமாவுக்குக் கூட உங்க பேனால கொஞ்சம் வயிறு இருக்கு.”

அவர் சிரித்துவிட்டு அடுத்த உறையை எடுத்தார்.

குழந்தையின் அம்மாவும் வந்து சொல்லியிருந்தாள், எடை போட்டதற்கு ஒரு வருடம் முன்னாலேயே. சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுகிறவள். இரண்டு ஷிப்டுக்கு நடுவில் ஓடி வந்திருந்தாள். மேசையைப் பிடித்துக்கொண்டு, “அவ பேருக்குத்தான் சாப்பிடுறா சார்” என்றாள். எல்லா அம்மாக்களும் சொல்கிற பேச்சுதானே என்று கமா சார், குழந்தைகள் அப்படித்தான், வளர வளரச் சரியாகும் என்று ஆறுதல் சொல்லி அனுப்பினார். அவள் சொன்னது எழுத்துக்கு எழுத்து உண்மை என்பது, தாள் கழன்று அவர் கால்விரலில் விழுந்த அன்றுதான் அவருக்கு உறைத்தது.

எடை போட்ட அறையில் வெகுநேரம் பேச்சு நடந்தது. எடை கூடியிருப்பதாக அறிக்கையில் எழுதலாமா என்று தலைவர் கேட்டார். யாருடையது என்று எழுதாத வரையில் எழுதலாம் என்றார் டாக்டர். பெயருக்குச் சத்து நன்றாகப் பிடித்திருக்கிறது, ரத்தசோகையின் அடையாளமே இல்லை என்றும் சொன்னார். கமா சார் எழுந்து நின்று, தவறு தன்னுடையது, ஒரே ஒரு உருபு, உருபும் தவறல்ல, அதை ஒட்டிய சொல்தான் தவறு, ‘குழந்தைக்கு’ என்று மாற்றிவிட்டால் போதும் என்றார். தலைவர் பொறுமையாக விளக்கினார். கொடுப்பவர்கள் கையெழுத்துப் போட்டது பெயருக்கு. அவரவர் கையால் மாற்றினால்தான் மாறும். முந்நூறு பேரிடம் போய், இத்தனை வருடமாக நீங்கள் கொடுத்தது குழந்தைக்குப் போகவில்லை என்று சொன்னால் யார் தொடர்ந்து கொடுப்பார்கள்?

அம்மா அப்போதுதான் வாயைத் திறந்தாள். “பேரை அடிச்சிடுங்க சார். பேரு இல்லாமயே இருக்கட்டும். வாசல்ல நிக்கிற பிள்ளைங்க நல்லாத்தானே இருக்கு.”

கமா சார் அங்கேயே பேனாவை எடுத்துக் கோடு போட்டார். பெயர் கோட்டைத் தின்றுவிட்டது. இன்னொரு கோடு போட்டார், அதையும் தின்றது. சமையலம்மா குழந்தையைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய், குட்டி என்று மட்டும் கூப்பிட்டு, தன் தட்டிலிருந்து ஊட்டிப் பார்த்தாள். மறுநாள் தாள் இருநூறு கிராம் ஏறியிருந்தது. ஒருமுறை ருசி கண்ட பெயர், எங்கே சாப்பிட்டாலும் தேடி வந்து வாங்கிக்கொண்டது.

மிச்சமிருந்தது ஒரே வழி. இந்தக் குழந்தைக்குக் கொடுப்பவர் தொலைதூர நகரத்தில் இருந்த, ஓய்வுபெற்ற ஒரு தையல் ஆசிரியை. மற்றவர்களைவிட இரண்டு பங்கு அனுப்புகிறவர். அதனால்தான் இந்தப் பெயர் எல்லாவற்றையும்விடப் பெருத்தது. தலைவருக்குத் தெரியாமல் கமா சார் அந்த ஆசிரியைக்கு எழுதினார். நடந்ததை வரிசைப்படி எழுதி, திருத்திய படிவத்தை இணைத்து, பெருக்கல் குறி போட்ட இடத்தில் தயவுசெய்து உடனே கையெழுத்திடவும் என்று கேட்டார். கடிதம் போக ஒன்பது நாள், வர ஒன்பது நாள். அந்தப் பதினெட்டு நாளும் அவர் ஜன்னலுக்கு வெளியே, வரிசையின் பக்கத்தில் நின்றார். குழந்தை அவரைப் பார்த்து, “நீங்கதான் நான் நல்லா இருக்கேன்னு எழுதுறவரா?” என்று ஒருமுறை கேட்டாள். ஆமாம் என்றார். அவள் அதைப் பற்றிக் கொஞ்சம் யோசித்துவிட்டுத் தட்டை நீட்டினாள். பதினாறாம் நாள் எடைக்கருவியின் முள் அசையவில்லை. குழந்தை அதன்மேல்தான் நின்றுகொண்டிருந்தாள்.

பதில் ஒழுங்கான, தைத்தது போன்ற கையெழுத்தில் வந்தது. படிவம் கையெழுத்தில்லாமல் திரும்பியிருந்தது. ‘ஐயா, என் மகளுக்கு அதே பெயர். நாலு வயதில், ஒரு பஞ்ச காலத்தில், கொடுக்க ஒன்றுமில்லாமல் அவளை இழந்தேன். உங்கள் பட்டியலில் அந்தப் பெயரைப் பார்த்துத்தான் கொடுக்கத் தொடங்கினேன். அந்தப் பெயர் இனிப் பசியோடு இருக்கக் கூடாது. அது நன்றாக இருக்கிறது என்று நீங்கள் எழுதியதைப் படித்து வருடங்கள் கழித்துத் தூங்கினேன். என்னால் மாற்ற முடியாது. மன்னியுங்கள். குழந்தை எப்படி இருக்கிறாள்?’

அதை அவர் மூன்றாம் முறை படித்துக்கொண்டிருந்தபோது அம்மா வந்தாள். இடுப்பில் துண்டு இருந்தது, முடிச்சு போட்டபடியே, உள்ளே யாரும் இல்லாமல். அழவில்லை. இஸ்திரிச் சூட்டில் காய்ந்த கையை மேசைமேல் வைத்தாள்.

“பேரையாவது குடுங்க சார். வீட்டுக்குக் கொண்டுபோறேன்.”

அறக்கட்டளையின் தாள் வெளியே போகக் கூடாது என்பது விதி. கமா சார் அலமாரியைத் திறந்து, இரண்டு கையாலும் தூக்கி, அவள் துண்டுக்குள் வைத்தார். அவள் ஒரு பக்கமாகச் சாய்ந்து, இடுப்பை ஒடித்து, நன்றாக வளர்ந்த பிள்ளையைத் தூக்குகிறவளைப் போலச் சமாளித்து நின்றாள். “இவளைத் தூக்கினா இப்படித்தான் வலிக்கணும்னு ஆசைப்பட்டேன்” என்றாள். தெருவில் போனவர்கள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. சமையலம்மா மட்டும் வாசலில் இறங்கி, தலை சாயாமல் பிடித்துக்கொள்ளச் சொன்னாள்.

பழைய படிவம் தீர்ந்துவிட்டதால் அன்று மாலை இன்னும் பத்தாயிரம் வந்து இறங்கின. அச்சகத்தில் அச்சு அப்படியே இருந்ததால் விலை குறைவு என்று தலைவர் சொன்னார். வாசலில் மிச்சம் வாங்கிய நாலைந்து பிள்ளைகளின் பெயர்களையும் சேர்த்துக்கொள்ளத் தீர்மானமானது.

கமா சார் தையல் ஆசிரியைக்குப் பதில் எழுதினார். பெயர் நலமாக இருக்கிறது, பதினைந்து கிலோ, இப்போது அம்மாவோடு இருக்கிறது என்று ஒரு வரி. அதன் பிறகு, எட்டு வருடத்தில் முதல் முறையாக, குழந்தையைப் பற்றி எழுதினார்: என்ன கேட்டாள், தட்டை எந்தக் கையால் நீட்டினாள், முள் எந்த நாளில் அசையாமல் நின்றது. நாலு பக்கம். பெயரை எங்கும் எழுதவில்லை. கமாவும் வைக்கவில்லை. உறையை ஒட்டித் தபால் நிலையத்துக்குக் கொண்டுபோனார். தபால்காரம்மா அதைத் தராசில் வைத்துவிட்டு, குனிந்து முள்ளைப் பார்த்தாள்.

“உள்ள ஏதாவது வெச்சீங்களா சார்? எடையே காட்ட மாட்டேங்குது.”

நாலு பக்கம் இருக்கிறது என்றார் அவர். அவள் தலையாட்டினாள், அந்த அறக்கட்டளைத் தெருவிலிருந்து வருகிற சில கடிதங்கள் அப்படித்தான் என்றாள். மின்விசிறிக் காற்றில் போகாமல் கட்டைவிரலால் உறையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, முத்திரையைக் குத்தி, பைக்குள் போட்டாள்.