முழங்கால் பாக்கெட்

அப்பாவின் கடைசிப் பறத்தல் காலை பதினொன்றுக்கு. பன்னிரண்டுக்கு ஓடுபாதையைப் பழுதுபார்க்க மூடிவிடுவார்கள். மறுநாள் அவருக்குப் பணி ஓய்வு. இன்று விட்டால் விட்டதுதான்.

நானும் அம்மாவும் தடுப்புக் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றோம். அப்பா பயிற்சி விமானத்தை மூக்கிலிருந்து வால்வரை தடவிப் பார்த்துக்கொண்டே சுற்றி வந்தார். விமானப்படையில் மெக்கானிக்காகச் சேர்ந்து, பரீட்சை எழுதிப் பைலட்டாகி, ஏர் கமடோர் வரை வந்தவர். கை சும்மா இருக்காது.

"ஏறிக்கலாமா?" என்றார்.

"இருங்க சார்." தலைமை மெக்கானிக் அக்கா கருவிப் பெட்டியைத் திறந்து காட்டினார். ஒவ்வொரு கருவிக்கும் அதன் வடிவத்திலேயே வெட்டிய பள்ளம். ஒன்று காலி. "சின்ன ஸ்குரூடிரைவரைக் காணோம். கிடைக்கிற வரைக்கும் வண்டி நகராது."

"இன்னிக்கு ஒரு நாள் மட்டும்..." என்று இழுத்தார் துணை அதிகாரி.

"எஞ்சினுக்குள்ள போய் விழுந்தா அதுக்குத் தெரியுமா சார், இன்னிக்கு என்ன நாள்னு? இந்த ரூலே இதோ நிக்கிற பெரியவர் போட்டதுதான்."

"அவங்க சொல்றது சரி. தேடுங்க," என்றார் அப்பா. முகம் சுண்டிப்போயிருந்தது.

ஐந்து பேர் மண்டியிட்டுத் தேடினார்கள். சக்கரக் குழியில் இல்லை. இருக்கைக்கு அடியிலும் இல்லை. பதினொன்று முப்பத்தைந்து.

"கண்ணாடிய நெத்தியில மாட்டிக்கிட்டு வீட்டையே தலைகீழாக்குவாரே, அந்த மூஞ்சி இது," என்றார் அம்மா.

எனக்குச் சட்டென்று நினைவு வந்தது. விமானத்தைச் சுற்றி வந்தபோது இறக்கைக்குக் கீழே அப்பா குனிந்து எதையோ முடுக்கினார். பிறகு கை தானாகக் கீழே போனது.

அத்தனை பேர் முன்னால் பேசி எனக்குப் பழக்கமில்லை. கத்தினேன்.

"அப்பா! முழங்கால் பாக்கெட்!"

அப்பா பறக்கும் உடையின் முழங்கால் பக்கம் துழாவினார். சிவப்புப் பிடி வெளியே வந்தது.

"ஸ்குரூ ஒண்ணு லூசா இருந்துச்சு..." என்றார், பாவம் போல.

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அக்கா மட்டும் சிரிக்காமல் குனிந்து அந்த ஸ்குரூவைச் சோதித்தார். பிறகு தவறுகளை எழுதும் பதிவேட்டை விரித்தார். "பதவி?"

"மெக்கானிக்னே போடும்மா."

"ஆறு மாசமா வீட்டுக் குழாய் ஒழுகுது," என்றார் அம்மா, கண்ணைத் துடைத்தபடி. "அங்க மட்டும் இந்தக் கை போகாது."

பதினொன்று நாற்பத்தெட்டுக்கு விமானம் தரையை விட்டது. எங்கள் தலைக்கு மேல் ஒரு முறை உருண்டு நிமிர்ந்தது. பன்னிரண்டு அடிக்க ஒரு நிமிடம் இருக்கும்போது சக்கரங்கள் தரை தொட்டன.

ஏணியடியில் அக்கா காத்திருந்தார்.

"பாக்கெட்டைக் காட்டுங்க சார்."

அப்பா எல்லாப் பாக்கெட்டுகளையும் வெளியே இழுத்துவிட்டு, கைகளை விரித்துக்கொண்டு, பல்லெல்லாம் தெரிய நின்றார்.