பம்பை அடைத்தது எது?

அந்த வாரத்தில் நான்காவது முறையாகப் பம்பு நின்றுபோனது. கடற்பாசியை அரைத்துக் கூழாக்கி, தொட்டியில் புளிக்கவைத்து எரிவாயு எடுக்கும் ஆலை அது. பாசி வளரும்போதே கரியமில வாயுவை இழுத்துக்கொள்ளும் என்று வாசலில் பெரிய பலகை வேறு. உள்ளே மெக்கானிக், முழங்கை வரை கூழோடு பம்பைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"எல்லாம் எங்க அக்கா பண்ற வேலை" என்று பல்லைக் கடித்தான். கடலில் மிதவை கட்டிப் பாசி வளர்க்கும் பெண்களுக்கு அவன் அக்காதான் தலைவி. மணல் போக அலசி அனுப்பு என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். போனைப் போட்டு, "நீயே வந்து பாரு!" என்று கத்தினான்.

கரையிலிருந்து ஈர உடையோடு வந்து நின்றாள் அக்கா.

"மூணு தடவை அலசித்தான்டா ஏத்துறோம். இடுப்பளவு தண்ணில நிக்கிறது நானா, நீயா?"

"அலசின லட்சணத்தைத்தான் பாரேன். பம்புக்குள்ள கையை விடு!"

விட்டாள். வந்தது மணல் இல்லை. பாசியோடு சிக்குப் பிடித்த வெள்ளைப் பிளாஸ்டிக் நாடாத் துண்டுகள்.

"இதுக்குப் பேருதான் மணலா?"

அவனுக்கு முகம் தொங்கிப்போனது. நான்கு முறையும் எரிச்சலில் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவினானே தவிர, அடைத்தது எது என்று ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

"மிதவையில பாசியைக் கட்ட நாங்க கயிறு கேட்டோம். உங்க மேனேஜர் நாடாவை மூட்டை மூட்டையா இறக்கினாரு. பத்து நாள் வெயிலுக்கே நொறுங்குது. சொன்னா, போகப்போகப் பழகிடும்கிறாரு. நாடா எப்படிடா பழகும்?"

அந்த நேரம் பார்த்து மேனேஜரே வந்தார். "இன்னும் ஓடலையா? பதினோரு மணிக்கு ஆலையைப் பார்க்க வெளியூர்ல இருந்து ஆளுங்க வர்றாங்களே!"

மெக்கானிக் கைநிறையக் கூழும் நாடாவுமாக அள்ளி அவர் முன்னால் நீட்டினான்.

"சரி, சரி. அவங்க போகட்டும், அப்புறம் பேசலாம்."

"தாராளமா பேசலாம்" என்றாள் அக்கா. "கயிறு வர்ற வரைக்கும் பாசி வராது."

சொன்னபடியே செய்தாள். வந்தவர்கள் ஓடாத பம்பைப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். நான்காம் நாள் கயிறு வந்தது. நாடாவை அறுத்துக் கயிறு கட்ட ஆள் போதவில்லை என்று மேனேஜர் மெக்கானிக்கையே கடலுக்கு அனுப்பினார்.

மூன்றாவது மிதவையிலேயே அவன், "இடுப்பு கழண்டுடுச்சுக்கா" என்று முனகினான்.

"இன்னும் முப்பது இருக்கு" என்றாள் அக்கா. "முடிச்சை இறுக்கிப் போடு."