நடந்து திரும்பிய அட்டைப்பெட்டிகள்

அமெரிக்காவின் பார்சிப்பனியில் நஞ்சுண்டன் வீட்டிலிருந்து தூக்கிப் போட்ட அட்டைப்பெட்டிகள் மறுநாள் காலை ஏழு மணிக்குள் நடந்தே திரும்பி வந்தன. நம்பாதவர்கள் எதிர்வீட்டு அனந்தலக்ஷ்மி ஆன்ட்டியைக் கேட்கலாம். வாக்கிங் போகையில் மூன்று முறை வழிவிட்டு ஒதுங்கி நின்றவர். டிவி பெட்டி, மிக்ஸி பெட்டி, பதினெட்டு வருடத்தில் வாங்கிய ஒவ்வொரு சாமானின் பெட்டியும், தெர்மாகோல்கூட உடையாமல், வீட்டுத் தரைக்கும் மண்ணுக்கும் நடுவே இடுப்பளவே உயரமுள்ள கிரால் ஸ்பேஸில் அடைந்து கிடந்தன. ஊரோடு போய்விடும்போது பேக் பண்ண வேண்டுமே! எப்போது போவது? அடுத்த வருஷம். அது எந்த வருஷம் என்று கோபிச்செட்டிபாளையத்துச் சொந்தங்களும் கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டார்கள்.

போன அக்டோபரில், மண்ணிலிருந்து கிளம்பும் ரேடான் வாயு பதினொன்று என்று மீட்டர் காட்டியது. நாலைத் தாண்டினாலே ஆகாது. மணமில்லை, நிறமில்லை, வருடக்கணக்கில் சுவாசித்தால் நுரையீரலில் புற்றுநோய். பெட்டிகளுக்கு நேர் மேலேதான் பதினான்கு வயது மகள் ஓவியாவின் கட்டில். மண்ணை பிளாஸ்டிக் ஷீட்டால் மூடி, குழாயும் விசிறியும் வைத்து வாயுவைக் கூரைக்கு மேலே தள்ளிவிடலாம், ஆனால் இடம் துடைத்த மாதிரி காலியாக வேண்டும் என்றார் ரேடான் வேலைக்கு வந்தவர். மூன்று முறை வந்து, மூன்று முறையும் பெட்டிகளைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். மகள் தும்மினால் நஞ்சுண்டனின் மனைவி கலாவதி அடுப்பை அணைத்துவிட்டு ஓடினாள். நஞ்சுண்டன் பெட்டிகளைப் பக்கத்து ஊரான டென்வில் வரை கொண்டுபோய்ப் போட்டுப் பார்த்தார். அவை ஹைவே ஓரமாக, சிக்னலை மதித்து, வந்து சேர்ந்தன.

“டாட், ஜஸ்ட் டெல் தெம் வி ஆர் நாட் கோயிங்,” என்றாள் ஓவியா.

நஞ்சுண்டன் குனிந்து, ஊருக்குப் போகவில்லை என்று பெட்டிகளிடம் சொன்னார். ஒரு பெட்டியும் அசையவில்லை. பொய் என்று அவற்றுக்குத் தெரியாதா என்ன? பிறகு கலாவதி மண்டியிட்டாள்.

“எனக்குத் திரும்பிப் போறதுல இஷ்டமே இல்லீங்க. வந்த நாள்ல இருந்தே இல்ல. நீங்க சொல்றப்பல்லாம் சும்மா தலையாட்டுனேன்.”

பெட்டிகளைப் பார்த்துத்தான் சொன்னாள். அவை ஒவ்வொன்றாக வெளியே வந்து, தாமே தட்டையாக மடிந்து, தெருவோரம் அடுக்காக நின்றன. செவ்வாய்க்கிழமை ரீசைக்கிளிங் வண்டி எடுத்துப்போனது.

குழாயும் விசிறியும் வைத்தாயிற்று; மீட்டர் இப்போது ஒன்றரை. ஒரு மாதம் நஞ்சுண்டன் மனைவியிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பதினெட்டு வருடம் கூட இருந்தவளை அவருக்கு அடையாளம் தெரியவில்லை, அவ்வளவு வலித்தது. போன வாரம் ஏர் ஃப்ரையர் ஒன்று வாங்கினார்கள். பெட்டியை அவரே கிழித்தார், ஓரம் ஓரமாக. மறுமுனையைக் கலாவதி பிடித்துக்கொண்டாள். கிழித்து முடியும்வரை பெட்டி அசையாமல் இருந்து கொடுத்தது.