இரண்டாம் மாடி மண்டபம்

எல்லையில் கை, கால் இழந்து திரும்பிய ராணுவத்தினர் நாங்கள் ஒரு சங்கம். பணியில் அடிபட்டு முடங்கிய போலீஸ்காரர்கள் இன்னொரு சங்கம். இரண்டும் ஒன்றானால்தான் நம் குரல் எடுபடும் என்று எல்லோரும் பேசினோம். ஆனால் பேனரில் யார் பெயர் முதலில் என்பதற்கே மாதக்கணக்கில் அடித்துக்கொண்டோம். ஒருவழியாக அது முடிந்து, செவ்வாய்ப்பேட்டைச் சந்தைக்குள் மண்டபமும் பிடித்தாயிற்று.

இணைப்புக் கூட்டத்தன்று ஆட்டோவிலிருந்து ஊன்றுகோலோடு இறங்கியவன் திகைத்து நின்றுவிட்டேன். மண்டபம் இரண்டாம் மாடியில் இருந்தது. லிஃப்ட் கிடையாது. செங்குத்தான படிக்கட்டின் கீழே சக்கர நாற்காலிகள் சந்தை வழியையே அடைத்துக்கொண்டு நின்றன. மளிகை மூட்டை இறக்குகிறவர்கள் எங்களை வேடிக்கை பார்த்தார்கள்.

"எந்தக் கூறுகெட்டவன் இந்த மண்டபத்தப் புடிச்சான்?" என்று கத்தினேன்.

"நாந்தானுங்க சார்" என்றார் குமரகுரு. போலீஸ் சங்கத் தலைவர். வாகனச் சோதனையில் லாரி ஏறி வலது காலை இழந்தவர். முகம் வெளுத்திருந்தது. "போன்லயே பேசி முடிச்சேனுங்க. ரெண்டாவது மாடின்னு சொன்னாங்க. சரின்னுட்டேன்."

"ஒத்தக் கால வெச்சுக்கிட்டு எப்படீங்க சரின்னீங்க?"

அவர் படிகளையே பார்த்தார். "நெசமா நெனப்பே வரலீங்க. மனசுல நான் இன்னும் ரெண்டு காலோடதானுங்க நடக்கறேன்."

அழைப்பிதழில் 'இரண்டாம் மாடி' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அதைப் படித்துப் பார்த்து, அச்சுக்கு அனுப்பச் சொன்னவன் நான்.